மெயின்பிரேம் லினக்ஸில் டிஸ்க் லேபிளும் பார்ட்டிஷனும்: அடிக்கடி கேட்கப்படும் கேள்விகள்

சுங்கை சிப்புட் பக்கத்துத் தோட்டங்களில் வளர்ந்து, கோலாலம்பூரிலும் சைபர்ஜெயாவிலும் மெயின்பிரேம் பிரிவில் வேலைக்குச் சேர்ந்த தம்பி தங்கைகள் கேட்கும் கேள்விகள் இவை. பலர் வீட்டிலிருந்தபடியே இரவு ஷிப்ட் பார்க்கிறார்கள். சந்தேகம் வந்தால் பக்கத்து மேசையில் கேட்க ஆள் இல்லை. பிசி லினக்ஸ் தெரியும், மெயின்பிரேம் டிஸ்க்தான் புதிது என்பவர்களை மனத்தில் வைத்துப் பதில் எழுதியிருக்கிறோம்.

கட்டளைப் பெயர்களை வாயில் சொல்கிறபடியே எழுதியிருக்கிறோம். டாஸ்டி-எஃப்எம்டி, எஃப்-டாஸ்டி, எல்எஸ்-டாஸ்டி என்று நடுவில் வரும் கோடு படிக்கும் வசதிக்குத்தான். டைப் செய்யும்போது கோடில்லாமல், சின்ன எழுத்தில், ஒரே சொல்லாக. ஆப்ஷன்களுக்கு நீளப் பெயர்களைக் கொடுத்திருக்கிறோம். அவற்றுக்கு முன்னால் இரண்டு கோடு.

டாஸ்டி என்கிறார்களே, அதுவும் ஒரு ஹார்ட் டிஸ்க்தானே?

வேலை அதே வேலைதான், உள்ளமைப்பு வேறு. பிசி டிஸ்க்கில் செக்டர்கள் ஏற்கெனவே ஒரே அளவில் வெட்டி வைக்கப்பட்டிருக்கும். மெயின்பிரேமின் இசிகேடி வகை டாஸ்டியில் அப்படி இல்லை. ஒரு டிராக்கில் எந்த நீளத்திலும் ரெக்கார்டு எழுதலாம். நீளத்தை எழுதுகிறவர்தான் முடிவு செய்கிறார். லினக்ஸுக்கு ஒரே அளவு பிளாக்குகள் வேண்டும். அதனால் முதலில் டிஸ்க் முழுவதும் சம அளவு ரெக்கார்டுகளைப் போட்டு நிரப்ப வேண்டியிருக்கிறது. டாஸ்டி-எஃப்எம்டி செய்வது இதைத்தான். பிசியில் ஃபைல் சிஸ்டம் போடுவதையும் ஃபார்மட் என்கிறோம். இது அதற்கும் ஒரு படி கீழே நடக்கும் வேலை.

இன்று நீங்கள் பார்க்கும் டாஸ்டி கிட்டத்தட்ட எல்லாமே 3390 வகை. 1989இல் ஐபிஎம் கொண்டுவந்த அந்த இயந்திரம் இப்போது தரவு மையங்களில் சுழல்வதில்லை. டிஎஸ்8000 போன்ற சேமிப்புக் கருவிகள் அதன் வடிவத்தை மட்டும் பாவித்துக் காட்டுகின்றன. ஆனால் கணக்கு அதே பழைய கணக்கு: ஒரு சிலிண்டருக்கு 15 டிராக். மாடல் 3 என்றால் 3,339 சிலிண்டர், அதாவது 50,085 டிராக். மாடல் 9 என்றால் 10,017 சிலிண்டர். மாடல் 27இல் 32,760, மாடல் 54இல் 65,520.

எஃப்பிஏ என்று இன்னொரு வகையும் உண்டு. அதில் பிளாக் அளவு நிலையானது, டாஸ்டி-எஃப்எம்டி தேவையே இல்லை. இசட்/விஎம் (ஒரே மெயின்பிரேமில் பல இயங்குதளங்களை ஓட்டும் மென்பொருள்) நினைவகத்தில் உருவாக்கித் தரும் விடிஸ்க் அந்த வகை.

பிளாக் அளவு 4096 தானா? 512 போட்டால் என்ன?

இடம் போய்விடும். ஒவ்வொரு ரெக்கார்டுக்கும் முன்னும் பின்னும் இடைவெளி தேவைப்படுவதால், ரெக்கார்டு சின்னதாக ஆக வீணாகும் இடம் கூடும். 3390 டிராக் ஒன்றில் 4096 பைட் பிளாக் 12 அடங்கும், மொத்தம் 49,152 பைட். 2048 என்றால் 21 பிளாக், 43,008 பைட். 1024 என்றால் 33 பிளாக், 33,792 பைட். 512 போட்டால் 49 பிளாக்தான், 25,088 பைட். டிஸ்க்கில் ஏறக்குறைய பாதியைத் தூக்கிக் கொடுத்தது போல.

4096 போட்ட மாடல் 3 டிஸ்க்கில் 601,020 பிளாக் கிடைக்கும். டிஸ்க்குகளைப் பட்டியலிடும் எல்எஸ்-டாஸ்டி அதை 2347 எம்பி என்று காட்டும். அதே இடத்தில் 600,840 பிளாக் என்று வந்தால் பதறவேண்டாம். ஒரு சிலிண்டர், அதாவது 180 பிளாக், குறைந்திருக்கிறது. சிலிண்டர் 1இலிருந்து தொடங்கும் மினிடிஸ்க் (நிஜ டிஸ்க்கிலிருந்து இசட்/விஎம் வெட்டித் தரும் பகுதி) உங்களுக்குக் கிடைத்திருக்கிறது என்று அர்த்தம். அது ஏன் என்பது கீழே வருகிறது.

இன்னொரு சிக்கலும் இங்கேதான் முளைக்கும். 512 பைட் செக்டர் உள்ள ஸ்கஸி டிஸ்க்கில் உருவாக்கிய எக்ஸ்எஃப்எஸ்ஸை அப்படியே பிளாக் பிளாக்காக டாஸ்டிக்கு நகல் எடுத்தால் மவுன்ட் ஆகாது. டிஸ்க்கின் பிளாக் 4096, ஃபைல் சிஸ்டம் கேட்பது 512. புதிதாக ஃபைல் சிஸ்டம் போட்டு, கோப்புகளாக நகல் எடுப்பது ஒன்றே வழி.

லேபிள், லேபிள் என்கிறீர்கள். எந்த லேபிள்?

நல்ல கேள்வி. குழப்பத்தில் பாதி இங்கிருந்துதான் வருகிறது. எக்ஸ்ட்4, எக்ஸ்எஃப்எஸ் ஆகியவற்றுக்கு நீங்கள் வைக்கும் பெயர் ஃபைல் சிஸ்டம் லேபிள்; அதைப் படிப்பது லினக்ஸ் மட்டும். மெயின்பிரேம்காரர்கள் லேபிள் என்றால் வால்யூம் லேபிள். சிலிண்டர் 0, டிராக் 0, மூன்றாவது ரெக்கார்டில் இருக்கும் 80 பைட் தரவு அது. அதற்குள்தான் ஆறு எழுத்து வால்யூம் சீரியல், சுருக்கமாக வால்சர், இருக்கிறது.

டாஸ்டி-வியூ கட்டளையை லேபிள் ஆப்ஷனோடு ஓட்டிப் பாருங்கள். வால்யூம் லேபிள் கீ என்ற வரியில் ஆஸ்கிப்படி மேலே புள்ளியும் சுழியும் வைத்த நாலு விநோத எழுத்து தெரியும், மெயின்பிரேமின் எழுத்துக் குறியீடான எபிசிடிக்படி விஓஎல்1 என்று தெரியும், ஹெக்ஸில் இ5 டி6 டி3 எஃப்1. லினக்ஸ் ஆஸ்கியில் பேசினாலும் லேபிளை எபிசிடிக்கில்தான் எழுதுகிறது. காரணம், அந்த லேபிள் லினக்ஸின் தேவைக்காக இல்லை. மெயின்பிரேமின் முக்கிய இயங்குதளமான இசட்/ஓஎஸ், இசட்/விஎம், பேக்அப் எடுக்கும் மென்பொருள், இரவு ஷிப்ட் ஆபரேட்டர் எல்லோரும் படிக்கவே அது இருக்கிறது. மெயின்பிரேம் டிஸ்க்கில் எதைச் செய்வதற்கு முன்னும் “இதை வேறு யார் படிக்கிறார்கள்?” என்று கேட்டுக்கொள்ளுங்கள். கீழே வரும் விபத்துகளில் பெரும்பாலானவை அதைக் கேட்காததால் வந்தவை.

சிடிஎல், எல்டிஎல் இரண்டில் எது?

இவை டாஸ்டி-எஃப்எம்டி போடும் இரண்டு அமைப்பு முறைகள். எடுக்க வேண்டியது சிடிஎல். வேறு காரணம் இல்லாவிட்டால் யோசிக்கவே வேண்டாம்.

சிடிஎல் அமைப்பில் முதல் இரண்டு டிராக் ஒதுக்கப்பட்டிருக்கும். டிராக் 0இல் பூட் ரெக்கார்டுகளும் விஓஎல்1 லேபிளும். டிராக் 1இல் வி-டாக், அதாவது டிஸ்க்கில் எது எங்கே இருக்கிறது என்ற பொருளடக்கம். உங்கள் பார்ட்டிஷன்கள் இசட்/ஓஎஸ்ஸின் கண்ணுக்கு டேட்டாசெட்களாக, அதாவது அதன் கோப்புகளாக, தெரியும். வால்சர் எல்என்எக்ஸ்150 என்றால், முதல் பார்ட்டிஷனின் பெயர் லினக்ஸ்.விஎல்என்எக்ஸ்150.பார்ட்0001.நேட்டிவ் என்று இருக்கும்.

எல்டிஎல் அமைப்பில் லேபிள் எல்என்எக்ஸ்1, ஹெக்ஸில் டி3 டி5 இ7 எஃப்1. வி-டாக் கிடையாது. டிஸ்க் முழுவதும் ஒரே பார்ட்டிஷன், பார்ட்டிஷன் பிரிக்கும் எஃப்-டாஸ்டி அதில் வேலை செய்யாது. இசட்/ஓஎஸ்ஸுக்கு அந்த லேபிள் புரியாது. இதன் ஆபத்தை யோசியுங்கள்: சேமிப்புப் பிரிவில் ஒருவர் இசட்/ஓஎஸ் பக்கத்திலிருந்து பார்க்கிறார், படிக்கத்தக்க லேபிள் எதுவும் இல்லை, காலி டிஸ்க் என்று எண்ணி ஐசிகேடிஎஸ்எஃப் என்ற டிஸ்க் துவக்கும் கருவி கொண்டு புதிதாகத் துவக்கிவிடுகிறார். அவர்மேல் தப்புச் சொல்ல முடியாது. சிடிஎல் போட்டிருந்தால் டேட்டாசெட் பெயர்களைப் பார்த்தே லினக்ஸ்காரர் டிஸ்க் என்று விட்டிருப்பார்.

சிஎம்எஸ்1 என்ற லேபிளோடும் டிஸ்க் வரும். அது இசட்/விஎம்மின் சிஎம்எஸ் ஃபார்மட் செய்தது. லினக்ஸ் அதைப் படிக்கும்.

ஏன் மூன்று பார்ட்டிஷனுக்கு மேல் விடமாட்டேன் என்கிறது?

லினக்ஸ் டாஸ்டி டிரைவரின் மேஜர் எண் 94. ஒரு டிஸ்க்குக்கு நான்கு மைனர் எண் ஒதுக்கியிருக்கிறார்கள்: முழு டிஸ்க்குக்கு ஒன்று, பார்ட்டிஷன்களுக்கு மூன்று. டாஸ்டிஏ என்றால் 94:0, அதன் பார்ட்டிஷன்கள் 94:1 முதல் 94:3 வரை, டாஸ்டிபி 94:4இல் தொடங்கும். நான்காவது பார்ட்டிஷனுக்கு எண்ணே இல்லை. பிசியில் இருப்பது போன்ற எக்ஸ்டெண்டட் பார்ட்டிஷனும் இங்கே கிடையாது. மேலும் பிரிக்க வேண்டுமென்றால் ஒரே பார்ட்டிஷன் போட்டு அதன்மேல் எல்விஎம். மெயின்பிரேம் லினக்ஸில் எல்லோரும் செய்வது அதுதான்; சின்னச் சின்ன டிஸ்க்குகளைச் சேர்த்துப் பெரிதாக்கவும் அதுவே வசதி.

சேமிப்புப் பிரிவு 0150 என்று ஒரு டிஸ்க் கொடுத்திருக்கிறது. ஆரம்பத்திலிருந்து சொல்லுங்கள்.

முதலில் டிஸ்க்கை ஆன்லைன் கொண்டுவாருங்கள். சிஎச்-இசட்-டெவ் கட்டளையை எனேபிள் ஆப்ஷனோடு, டாஸ்டி 0.0.0150 என்று கொடுத்தால் இப்போதைக்கும் அடுத்த பூட்டுக்கும் சேர்த்து எழுதிக்கொள்ளும். பழைய சிஎச்-சிசிடபிள்யூ-டெவ் கட்டளை இப்போதைக்கு மட்டும். மறுபூட்டில் டிஸ்க் காணாமல் போகும். சில விநியோகங்களில் தேவையில்லாத டிவைஸ்கள் சிஐஓ இக்னோர் பட்டியலில் மறைந்திருக்கும். டிஸ்க் தெரியவே இல்லையென்றால் அந்தப் பட்டியலைப் பாருங்கள்.

அடுத்து எல்எஸ்-டாஸ்டி. 0.0.0150க்கு நேரே எந்தப் பெயர் வந்திருக்கிறது என்று பாருங்கள். டாஸ்டிபி என்று வைத்துக்கொள்வோம். புது டிஸ்க் என்றால் நிலை என்/எஃப் என்றிருக்கும், ஃபார்மட் ஆகவில்லை என்று பொருள். ஆக்டிவ் என்று இருந்தால் அங்கேயே நில்லுங்கள். புது டிஸ்க் என்று சொல்லிக் கொடுத்ததில் ஏற்கெனவே ஃபார்மட் இருக்கிறது என்றால், எண் தவறியிருக்கலாம், அல்லது வேறு யாரோ விட்ட டிஸ்க்காக இருக்கலாம். கேட்டு உறுதி செய்யுங்கள்.

பிறகு டாஸ்டி-எஃப்எம்டி: பிளாக்சைஸ் 4096, டிஸ்க் லேஅவுட் சிடிஎல், லேபிள் எல்என்எக்ஸ்150, புரோக்ரஸ்பார், கடைசியில் டிவைஸ் பெயர். பார்ட்டிஷன் பெயரைக் கொடுக்காதீர்கள், முழு டிஸ்க்கின் பெயர்தான். டிஸ்க் வேறு எல்பாருக்கும் (மெயின்பிரேமின் இன்னொரு பிரிவுக்கும்) தெரிகிற சூழல் என்றால் செக் ஹோஸ்ட் கவுன்ட் ஆப்ஷனையும் சேருங்கள். இன்னொரு இயங்குதளம் அதை ஆன்லைனில் வைத்திருந்தால் ஃபார்மட் நின்றுவிடும்.

கட்டளை உடனே ஃபார்மட் செய்துவிடாது. சிலிண்டர் 3339, ஹெட் 15, டிராக் 50085 என்று கணக்கைக் காட்டி, டிவைஸ் எண், லேபிள், வால்சர், தொடக்க டிராக், முடிவு டிராக், பிளாக் அளவு எல்லாவற்றையும் வரிவரியாகப் போட்டு, “யெஸ்” என்று முழுச்சொல் டைப் செய்யச் சொல்லும். அந்தப் பட்டியலில் டிவைஸ் எண் வரியை விரல் வைத்துப் படியுங்கள். இந்தக் கேள்வியைத் தவிர்க்க ஓர் ஆப்ஷன் உண்டு. கையால் செய்கிற வேலையில் அதைப் பயன்படுத்துவது வீண் துணிச்சல்.

முடிந்ததும் எஃப்-டாஸ்டி. ஒரே பார்ட்டிஷன் போதும் என்றால் ஆட்டோ ஆப்ஷன். டிராக் 2இலிருந்து 50084 வரை எடுத்துக்கொள்ளும். அதன்மேல் ஃபைல் சிஸ்டமோ எல்விஎம்மோ. டாஸ்டிபி1 மேல் போட வேண்டும், டாஸ்டிபி மேல் இல்லை. முழு டிஸ்க் மேல் போட்டால் லேபிளும் வி-டாக்கும் இருக்கும் டிராக்குகளில் கைவைக்கிறீர்கள். அந்த இரண்டு டிராக்கில் உள்ள சில ரெக்கார்டுகள் 4096 பைட்டே இல்லை. நூற்றுச் சொச்சம் பைட்தான். அங்கே ஃபைல் சிஸ்டம் உட்காராது.

இரண்டு மூன்று பார்ட்டிஷனாகப் பிரிக்க?

எஃப்-டாஸ்டியை ஆப்ஷன் இல்லாமல் ஓட்டினால் மெனு வரும், பழைய எஃப்டிஸ்க் மாதிரியே. கணக்கு மட்டும் டிராக்கில். 4096 பிளாக்கில் ஒரு டிராக் 48 கேபி. 512 எம்பி வேண்டுமென்றால் 10,923 டிராக். டிராக் 2இல் தொடங்கினால் 10924இல் முடியும், அடுத்தது 10925. கணக்குப் போட மனமில்லையென்றால் கடைசி டிராக் கேட்கும் இடத்தில் கூட்டல் குறியோடு 512எம் என்று கொடுக்கலாம். பல டிஸ்க்குகளுக்கு ஒரே பிரிவு என்றால் ஒரு கோப்பில் [ஃபர்ஸ்ட்,10924] என்று ஒரு வரி, [10925,லாஸ்ட்] என்று ஒரு வரி எழுதி, கான்ஃபிக் ஆப்ஷனில் அந்தக் கோப்பைக் கொடுங்கள். மெனுவில் எழுதி முடித்து வெளியேறும் எழுத்தை அழுத்தும்வரை டிஸ்க்கில் எதுவும் மாறாது.

வால்சர் எப்படி வைப்பது?

ஆறு எழுத்துக்குள். சின்ன எழுத்தில் கொடுத்தாலும் பெரிய எழுத்தாக மாற்றிக்கொள்ளும். எஸ்சிஆர்டிசிஎச், பிரைவேட் என்பதன் ஆறெழுத்துச் சுருக்கம், மைக்ரேட் என்பதன் ஆறெழுத்துச் சுருக்கம், எல் எழுத்தைத் தொடர்ந்து ஐந்து இலக்கம் ஆகியவை ஒதுக்கப்பட்டவை, தொடாதீர்கள். உங்கள் அலுவலகத்தில் பெயர் வைக்கும் முறை ஒன்று கட்டாயம் இருக்கும். அதைக் கேட்டு வாங்கி அதன்படி வையுங்கள்.

லேபிள் கொடுக்காமல் விட்டால் டிவைஸ் எண்ணையே எடுத்து 0எக்ஸ்0150 என்று வைத்துக்கொள்ளும். பார்க்கத் தனிப்பெயர் போலத் தெரியும், ஆனால் தனிப்பெயர் இல்லை. இசட்/விஎம்மில் ஒவ்வொரு லினக்ஸ் கெஸ்ட்டுக்கும் (இசட்/விஎம்முக்குள் ஓடும் லினக்ஸுக்கும்) முதல் டிஸ்க் 0150 என்றே கொடுக்கும் பழக்கம் பல இடங்களில் உண்டு. நாற்பது கெஸ்ட் இருந்தால் நாற்பது டிஸ்க்குக்கும் ஒரே பெயர்.

செம்பனைத் தோட்டத்தில் குலையின் காம்பில் வெட்டியவர் எண் போடுவார்கள் இல்லையா, இரண்டு பேர் ஒரே எண் போட்டால் கிராணி யார் கணக்கில் எழுதுவார்? அதே சிக்கல்தான் இது. இசட்/ஓஎஸ் ஒரே வால்சரில் இரண்டு டிஸ்க்கைக் கண்டால் எதை ஆஃப்லைனில் விடுவது என்று ஆபரேட்டரைக் கேட்கும். விடிகாலை மூன்று மணிக்கு அவர் எந்தப் பக்கம் பதில் சொல்வார் என்று தெரியாது. இசட்/விஎம் ஒன்றை எடுத்துக்கொண்டு மற்றதை விட்டுவிடும். எடுத்தது உங்களுடைய சரியான டிஸ்க்தான் என்பதற்கு உத்தரவாதம் இல்லை.

முழு டிஸ்க்கும் கெஸ்ட்டுக்குக் கொடுத்தோம், நன்றாக ஓடியது. இசட்/விஎம் மறுதொடக்கத்துக்குப் பிறகு டிஸ்க்கைக் காணோம். ஏன்?

இது மிகவும் அடிக்கடி நடப்பது. நடந்த அன்று ஒன்றும் தெரியாது, வாரங்கள் கழித்துத்தான் தெரியும்.

இசட்/விஎம் தன் டிஸ்க்குகளை அடையாளம் காண்பது நிஜ டிஸ்க்கின் சிலிண்டர் 0இல் உள்ள லேபிளைப் பார்த்து. இசட்/விஎம் டைரக்டரியில் (எந்தக் கெஸ்ட்டுக்கு எது என்ற பட்டியலில்) எம்டிஸ்க் வரியில் விஓஎல்001 என்ற வால்யூம், சிலிண்டர் 0 முதல் எண்ட் வரை என்று எழுதியிருந்தால் அந்தச் சிலிண்டர் 0 இப்போது கெஸ்ட்டின் கையில். கெஸ்ட்டுக்குள் டாஸ்டி-எஃப்எம்டி ஓட்டி எல்என்எக்ஸ்150 என்று லேபிள் வைத்தால் விஓஎல்001 அழிந்தது. ஓடிக்கொண்டிருக்கும் இசட்/விஎம் ஏற்கெனவே டிஸ்க்கைப் பிடித்து வைத்திருப்பதால் அப்போது எதுவும் ஆகாது. அடுத்த ஐபிஎல்லில், அதாவது மெயின்பிரேம் பூட்டில், விஓஎல்001ஐத் தேடும், கிடைக்காது, மினிடிஸ்க்கும் இல்லை.

தவிர்க்க வழி: மினிடிஸ்க்கைச் சிலிண்டர் 1இலிருந்து தொடங்குங்கள். மாடல் 3இல் 1இலிருந்து 3,338 சிலிண்டர். கெஸ்ட் எழுதும் லேபிள் நிஜ டிஸ்க்கின் சிலிண்டர் 1இல் விழும், இசட்/விஎம்முடையது சிலிண்டர் 0இல் பத்திரமாக இருக்கும். முழு டிஸ்க்கே கொடுத்தாக வேண்டும் என்றால் கெஸ்ட் வைக்கும் வால்சரும் டைரக்டரியில் உள்ள வால்சரும் ஒன்றாகவே இருக்கட்டும். மறுபடி ஃபார்மட் செய்யும்போது கீப் வால்சர் ஆப்ஷன் அதற்குத்தான்.

ஏற்கெனவே நடந்துவிட்டதென்றால், தரவு போகவில்லை, பெயர்தான் போனது. கெஸ்ட் இன்னும் ஓடுகிறது என்றால் எஃப்-டாஸ்டி மெனுவில் வால்யூம் சீரியலை மாற்றும் தெரிவில் பழைய பெயரைத் திரும்ப வைத்து எழுதிவிடுங்கள், ஐபிஎல்லுக்கு முன்பே.

வால்சரை மாற்றினால் தரவு அழியுமா?

அழியாது. லேபிளும் வி-டாக்கில் உள்ள டேட்டாசெட் பெயர்களும் மாறும். பூட்டும் பாதிக்காது, ஐபிஎல் டிவைஸ் எண்ணை வைத்து நடக்கிறது. ஆனால் எஃப்எஸ்டேப் கோப்பில் பை-ஐடி பாதையில் வால்சர் இருந்தால் அந்த வரி செத்துவிடும். அதையும் மாற்றுங்கள்.

நேற்று டாஸ்டிசி என்றிருந்தது, இன்று டாஸ்டிபி என்கிறதே?

பெயர்கள் ஆன்லைன் வந்த வரிசைப்படி ஒட்டப்படுகின்றன. நடுவில் ஒரு டிஸ்க் வராவிட்டால் பின்னால் உள்ளவை எல்லாம் ஓர் எழுத்து முன்னால் நகரும். எஃப்எஸ்டேபிலும் ஸ்கிரிப்ட்களிலும் டாஸ்டிபி என்று எழுதாதீர்கள். டெவ் டைரக்டரிக்குள் டிஸ்க், அதற்குள் பை-பாத், அதில் சிசிடபிள்யூ-0.0.0150-பார்ட்1 என்ற பாதை இருக்கும். டிவைஸ் எண் மாறாதவரை அது மாறாது. ஃபார்மட் கட்டளைக்கும் இந்தப் பாதையையே கொடுக்கலாம். தவறான டிஸ்க்கை அழிக்கும் வாய்ப்பு வெகுவாகக் குறையும்.

ரூட் இருக்கும் எல்விஎம்மில் புது டிஸ்க் சேர்த்தேன். மறுபூட்டில் சிஸ்டம் எழவில்லை.

ரூட் ஃபைல் சிஸ்டம் மவுன்ட் ஆவதற்கு முன்பே அந்தப் புது டிஸ்க் ஆன்லைன் வர வேண்டும். அதை இனிட்ராம்எஃப்எஸ்தான் செய்ய வேண்டும், அதற்கு விஷயம் தெரியாது. ரெட்ஹாட் வகையில் கெர்னல் வரியில் ஆர்டி.டாஸ்டி=0.0.0151 என்று புது டிஸ்க்குக்கும் ஒன்று சேர்த்து, பூட் ரெக்கார்டை எழுதும் இசட்ஐபிஎல் கட்டளையை ஓட்ட வேண்டும். இசட்ஐபிஎல் ஓட்டாமல் கோப்பை மட்டும் மாற்றினால் பயனில்லை. பூட் ரெக்கார்டு கோப்பின் பெயரைப் பார்ப்பதில்லை, கெர்னலும் கெர்னல் வரியும் டிஸ்க்கில் எந்த பிளாக்கில் உள்ளன என்ற பட்டியலைத்தான் வைத்திருக்கிறது. பூட் டைரக்டரியில் எதை நகர்த்தினாலும், மீட்டு வைத்தாலும் இசட்ஐபிஎல் மறுபடி.

டிஸ்க்கை அப்படியே நகல் எடுத்து இன்னொரு சர்வர் செய்யலாமா?

செய்யலாம். சேமிப்புக் கருவியின் ஃபிளாஷ்காப்பி என்றால் லேபிள் உட்பட எல்லாம் நகலாகும், ஆகவே வால்சர் இரட்டிப்பு. எல்விஎம் அடையாள எண்களும் இரட்டிப்பு. மூலத்தையும் நகலையும் ஒரே லினக்ஸில் காட்டினால் எல்விஎம் குழம்பும், எக்ஸ்எஃப்எஸ் ஒரே யுயுஐடி உள்ள இரண்டாவதை மவுன்ட் செய்ய மறுக்கும். நகல் எழுந்ததும் வால்சரை மாற்றுங்கள், விஜி இம்போர்ட் குளோன் கட்டளையால் எல்விஎம் எண்களை மாற்றுங்கள்.

டிடி கட்டளையால் முழு டாஸ்டியை நகல் எடுப்பதைவிட, இலக்கு டிஸ்க்கைத் தனியாக ஃபார்மட் செய்து, அதே அளவு பார்ட்டிஷன் போட்டு, பார்ட்டிஷன் பார்ட்டிஷனாக நகல் எடுப்பது நல்லது. முதல் இரண்டு டிராக்கின் வினோத அளவு ரெக்கார்டுகள் டிடிக்கு ஒத்துவருவதில்லை. கடைசியில் இலக்கு டிஸ்க்கில் இசட்ஐபிஎல்.

எஃப்சிபி (ஃபைபர் சேனல்) வழியாக வரும் ஸ்கஸி டிஸ்க்குக்கும் இதெல்லாம் உண்டா?

இல்லை. அதற்கு வால்சரும் இல்லை, டாஸ்டி-எஃப்எம்டியும் இல்லை. பிசியில் செய்வது போல எஃப்டிஸ்க்கோ பார்ட்டடோ போதும்.

ஸ்வாப்புக்கு ஒரு டாஸ்டி பார்ட்டிஷன்?

போடலாம். இசட்/விஎம்மில் விடிஸ்க் வேகமானது, ஆனால் கெஸ்ட் லாக்ஆஃப் ஆனால் மறைந்துவிடும். ஒவ்வொரு முறையும் எம்கேஸ்வாப் ஓட ஏற்பாடு செய்யுங்கள்.

அலுவலக டிஸ்க்கில் பழக பயமாக இருக்கிறது. வீட்டில் பழக வழி உண்டா?

ஹெர்குலிஸ். ரோஜர் பௌலர் 1999இல் தொடங்கிய மெயின்பிரேம் எமுலேட்டர், இலவசம், சாதாரண பிசியில் ஓடும். கியூஇஎம்யுவும் எஸ்390எக்ஸ் ஓட்டும், ஆனால் அது கொடுப்பது விர்ட்டியோ டிஸ்க்; டாஸ்டி பழக ஆகாது.

ஹெர்குலிஸோடு வரும் டாஸ்டி-இனிட் கட்டளைக்குக் கோப்பின் பெயர், 3390-3, வால்சர் மூன்றையும் கொடுத்தால் ஒரு டிஸ்க் தயார். சுருக்காத கோப்பு சுமார் 2.8 ஜிபி பிடிக்கும். சுருக்கும் ஆப்ஷனைப் போட்டால் காலி டிஸ்க் கொஞ்சம் இடம்தான் எடுக்கும். கான்ஃபிக் கோப்பில் 0150, 3390, கோப்பின் பெயர் என்று ஒரு வரி. லினக்ஸுக்குப் பழைய டெபியன் எஸ்390எக்ஸ் வெளியீட்டைத் தேடுங்கள். ரெட்ஹாட் 8, உபுண்டு 20.04 முதலியவை இசட்13 வகை செயலியை எதிர்பார்க்கின்றன, எமுலேட்டரில் தடுமாறும்.

நம் ஊரில் மாலை மூன்று மணிக்கு இடி இடித்தால் கரண்ட் டிரிப் ஆவது தெரிந்ததே. சுருக்கிய டிஸ்க் கோப்பு பாதியில் நின்றால் சிசிகேடி-சிடிஎஸ்கே கட்டளையால் சோதித்துச் சரிசெய்ய முடியும். சோதிக்காமல் மறுபடி ஓட்டாதீர்கள். ஒரு சின்ன யுபிஎஸ் இருந்தால் இன்னும் நல்லது.

தவறான டிஸ்க்கை ஃபார்மட் செய்துவிட்டேன். மீட்க முடியுமா?

எந்த வகை ஃபார்மட் என்பதைப் பொறுத்தது. முழு ஃபார்மட் என்றால் அது ஓடி முடித்த டிராக்குகளில் பழையது எதுவும் மிஞ்சாது. ரெக்கார்டுகளே புதிதாக எழுதப்படுகின்றன. பேக்அப்தான்.

மோட் குவிக் என்று ஓட்டியிருந்தால் கதை வேறு. அது முதல் இரண்டு டிராக்கை மட்டும் எழுதுகிறது. டிராக் 2 முதல் உங்கள் தரவு அப்படியே கிடக்கிறது, பார்ட்டிஷன் எல்லை மட்டும் தொலைந்தது. எஃப்-டாஸ்டியில் அதே தொடக்க டிராக், அதே முடிவு டிராக் கொடுத்துப் பார்ட்டிஷனை மறுபடி உருவாக்கினால் ஃபைல் சிஸ்டம் எழுந்து வரும். அதற்கு முன் எம்கேஎஃப்எஸ் ஓட்டியிருக்கக் கூடாது, அவ்வளவுதான். மெனுவில் வி-டாக்கைப் புதிதாக்கும் தெரிவைத் தவறி அழுத்தியவர்களுக்கும் இதே வைத்தியம். டிஸ்க் பூட் டிஸ்க்காக இருந்தால் இசட்ஐபிஎல்லும் ஓட்டுங்கள்.

ஒரு விலக்கு: எழுதும்போது மட்டும் இடம் ஒதுக்கும் மெல்லிய வகை வால்யூம்களில் டாஸ்டி-எஃப்எம்டி தொடக்கத்திலேயே பழைய இடத்தை விடுவித்துவிடும். அங்கே குவிக் என்றாலும் மீட்பு கிடையாது.

எல்லை எண்கள் நினைவில் இருக்காது என்பதால், எஃப்-டாஸ்டி டேபிள் ஆப்ஷனின் வெளியீட்டையும் எல்எஸ்-டாஸ்டி வெளியீட்டையும் ஒவ்வொரு சர்வருக்கும் ஒரு கோப்பில் போட்டு, அந்த சர்வரில் இல்லாத வேறோர் இடத்தில் வைத்திருங்கள். டிஸ்க் சேர்த்தாலோ எடுத்தாலோ அன்றே புதுப்பியுங்கள்.